சன்னிதியில் எந்த மொழி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்துவிட்டால், யாகசாலைக்குக் கால் நடும் முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. வடமொழி மந்திரமா, தமிழ்த் திருமுறையா? நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் கேட்பார். இன்னொருவர் முகம் சுளிப்பார். மூன்றாமவர், "அதெல்லாம் குருக்கள் பார்த்துக்கொள்வார்" என்று அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அறைக்குள் பேசாமல் விட்டது பிறகு புலனக் குழுக்களில் பேசப்படும். அங்கே பேச்சு சூடேறும், பழைய பகைகள் சேர்ந்துகொள்ளும், கடைசியில் குடமுழுக்கு நாளன்று ஒரு தரப்பு கோயில் பக்கமே வராமல் போகும். மலேசிய மக்கள்தொகையில் நூற்றுக்கு ஆறு பேராக இருக்கும் நம் இந்து சமயத்தாருக்கு இந்தப் பிளவு கட்டுப்படியாகாது.

கருவறையில் ஒலிக்கும் சொல் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் குருக்களின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. தலைவரும் உபயகாரரும் வரிசையில் நிற்கும் தாயும் அவள் கையைப் பிடித்திருக்கும் பிள்ளையும் அதற்குப் பொறுப்பாளிகள். அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டுமானால் முதலில் இரண்டு மொழிகளைப் பற்றியும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். இப்போது நம்மிடையே சுற்றிக்கொண்டிருப்பவற்றில் பாதி உண்மை கிடையாது.

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தாய் சமஸ்கிருதம், தமிழும் அதன் வயிற்றில் பிறந்ததே என்பது ஒரு செய்தி. கணினிக்கு மிக ஏற்ற மொழி அதுதான் என்று நாசா அறிவித்துவிட்டதாக அதற்கு ஒரு வாலும் உண்டு. அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்னும் ஆய்வாளர் ஒரு செயற்கை நுண்ணறிவு இதழில் எழுதிய கட்டுரைதான் இவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது. வடமொழி இலக்கணிகள் ஒரு வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்டும் முறை கணினி அறிவியலுக்கு உதவலாம் என்று அவர் சொன்னார். மதிக்கத்தக்க கருத்து. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் தீர்ப்பு ஆகாது.

தமிழின் பிறப்பைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை ஆகலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை அந்தக் குடும்பத்தைச் சேராத வேறொரு குடும்பம் என்று சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரி எல்லிஸ் சான்று காட்டியது 1816-இல், ஒரு தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்குறிப்பில். அந்த ஆய்வில் அவருக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் பட்டாபிராம சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவர். 1856-இல் கால்டுவெல் அதை விரிவான ஒப்பிலக்கணமாக எழுதினார். தமிழ் தனிக்குடும்பத்து மொழி என்பதை நிலைநாட்டியதில் ஒரு வடமொழிப் பண்டிதரின் கையும் இருந்தது என்பதை இரு தரப்பும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

எதிர்ப்பக்கச் செய்தியும் அதே அளவு தவறானது. வடமொழி நமக்கு முற்றிலும் அயல், அதனோடு நமக்குக் கொடுக்கலும் இல்லை வாங்கலும் இல்லை என்பது அது. கொடுத்தோம், வாங்கினோம், இரண்டும் நடந்தது. மீனைக் குறிக்கும் 'மீன', தண்ணீரைக் குறிக்கும் 'நீர' போன்ற சொற்கள் திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போனவை என்று பர்ரோ போன்ற அறிஞர்கள் எழுதினார்கள். நாக்கை மடித்து ஒலிக்கும் ட, ண போன்ற ஒலிகள் வேதமொழியில் இடம்பெற்றதில் திராவிட மொழிகளின் பங்கு உண்டா என்பது மொழியியலில் நெடுநாளாகப் பேசப்படும் பொருள். நம் பக்கம் தொல்காப்பியரே வடசொல்லுக்கு இடம் வைத்தார். அயல் எழுத்தை விலக்கித் தமிழ் ஒலிக்கு இசைவித்து எடுத்துக்கொள் என்பது அவர் விதியின் கருத்து. வாசலை மூடவும் சொல்லவில்லை, வீட்டை எழுதிக் கொடுக்கவும் சொல்லவில்லை.

நாம் வாழும் இந்த மண்ணும் அதற்குச் சாட்சி. கடாரத்தின், அதாவது கெடாவின், பழைய எல்லைக்குள் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு வடமொழியில் இருக்கிறது. தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிய ஒரு மாலுமியின் வேண்டுதல் அது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேட்டில் 21 ஏடுகள். அவற்றில் 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். அரச மரபின் புகழை வடமொழியில் பாடிய அதே செப்பேடு, நிலத்தின் எல்லையையும் வரியையும் உரிமையையும் மக்கள் பேசிய தமிழில் எழுதிவைத்தது. ஒரு வளையத்தில் கோத்த ஏடுகளில் இரண்டு மொழியும் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. இவ்வளவுக்கும் அது ஒரு சைவ மன்னன் ஒரு பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடை.

மலாய் மொழியை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் 'பஹாசா', 'நெகாரா', 'குரு', 'பெர்டானா மெந்தெரி', 'இஸ்தானா' எல்லாம் வடமொழி வேர் உடையவை. புத்ராஜெயாவும் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஜெயாவும் அப்படியே. இதைவிட என்னைத் தொடுவது வேறொன்று. மலாய் முஸ்லிம்கள் நோன்பை 'புவாசா' என்கிறார்கள். அது உபவாசம். சொர்க்கத்தையும் நரகத்தையும் பாவத்தையும் புண்ணியப் பயனையும் குறிக்க 'ஷுர்கா', 'நெராக்கா', 'டோசா', 'பஹாலா' என்றே சொல்கிறார்கள். அவர்கள் சமயம் மாறியது, சொற்கள் தங்கின. அதனால் அவர்கள் இஸ்லாம் குறைந்துபோகவில்லை. தமிழும் அந்த மொழிக்குக் கொடுத்தது குறைவில்லை: கடை 'கெடாய்' ஆயிற்று, கப்பல் 'கப்பால்' ஆயிற்று, குளம் 'கோலாம்' ஆயிற்று, கோயிலே 'கூயில்' ஆயிற்று. மலாய்க் கலைஞர் ரம்லி இப்ராஹிம் கோலாலம்பூரில் ஒடிசி ஆட்டத்தை வளர்த்து, 2018-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றார். மொழியும் கலையும் உழைப்பவர் கைக்குப் போகும்.

இனி ஒலிக்கு வருகிறேன். வடமொழி மந்திரத்தின் உயிர் ஒலியில் இருக்கிறது என்று குருக்கள் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது நியாயமாகாது. வேத மரபில் சிட்சை என்பது தனிச் சாத்திரம். எழுத்து பிறக்கும் இடம் கண்டமா, அண்ணமா, பல்லா, உதடா என்று வரிசைப்படுத்தி, மெய்யெழுத்துகளைத் தொண்டையிலிருந்து உதடு வரை நிரல்படுத்தியவர்கள் அந்த மரபினர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற மூன்று சுரங்களும் பிசகாமல் இருக்க, சொற்களைப் பிரித்தும் கோத்தும் முன்பின்னாகத் திருப்பியும் ஓதும் பதபாடம், கிரமம், ஜடை, கனம் போன்ற முறைகளை வகுத்தார்கள். ஏட்டில் எழுதாமலே மூவாயிரம் ஆண்டளவு ஒலியைக் காத்த அந்த ஓதும் மரபை யுனெஸ்கோ 2003-இல் மனித குலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது. ஓதலில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மரபே ஒரு கதை வைத்திருக்கிறது. இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டி துவட்டா வேள்வி செய்தான். 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் சுரம் இடம் மாறியது. இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் போய், இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆயிற்று. பிறந்த விருத்திரன் இந்திரன் கையில் மாண்டான்.

இந்தக் கதையை நம் கோயில் நடைமுறைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை, வரிசை வாசல் வரை நிற்கிறது. அர்ச்சனைச் சீட்டுகள் குவிந்திருக்கின்றன. பெயரும் நட்சத்திரமும் ஓட்டமாகச் சொல்லப்படுகின்றன. நூற்றெட்டு நாமம் எட்டாகச் சுருங்குகிறது. ஒலிதான் தெய்வம் என்றால், அந்த ஒலிக்கு நாம் கொடுக்கும் மரியாதை இதுதானா? இந்தக் குறையைக் குருக்கள் மீது சுமத்த நான் எழுதவில்லை. காலை நான்கரைக்கு எழுந்து இரவு நடை சாத்தும் வரை நிற்பவர் அவர். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்து, குடும்பத்தை விட்டு இருப்பவர்களே அவர்களில் மிகப் பலர். வரிசையை விரைவாக நகர்த்தச் சொல்வது நாம். வருமானத்தைக் கூட்டச் சொல்வதும் நாம்.

தமிழுக்கும் அதே ஒலித் தவம் உண்டு என்பதை மறுபக்கத்தார் அறிய வேண்டும். தேவாரம் வெறும் துதிப்பாட்டு என்று நினைத்து, பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் இடைவெளியில் இரண்டு வரி பாடச் சொல்வது நம் கோயில்கள் சிலவற்றின் வழக்கமாகிவிட்டது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க 2 பேரையும் நியமித்து, அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்ததைக் கல்லில் வெட்டிவைத்தான். பண் மறந்துபோன பதிகங்களுக்கு மறுபடி பண் அடைவு காட்டியவர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண் என்ற மரபு தலைமுறை தலைமுறையாக ஓதுவார்கள் தொண்டையில் வந்தது. அதுவும் ஒலியைக் காத்த கதைதான்.

அடியார்கள் இந்த இரண்டையும் பகையாக வைக்கவில்லை. ஐந்தெழுத்து யஜுர் வேதத்து ஸ்ரீருத்ரத்தின் எட்டாம் அனுவாகத்தில் இருக்கிறது. சம்பந்தர் அதைத் தனிப் பதிகமாகப் பாடினார். மாணிக்கவாசகரின் சிவபுராணம் அதிலேயே தொடங்குகிறது. இறைவன் ஆகமத்தை ஆரியத்திலும் தமிழிலும் உணர்த்தினான் என்பது திருமூலர் கருத்து. வைணவத்தில் இது நடைமுறையாகவே இருக்கிறது. பெருமாள் வீதி எழுந்தருளும்போது திவ்வியப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி முன்னால் செல்லும், வேதம் ஓதும் கோஷ்டி பின்னால் வரும். தமிழ் முன்னே போக, வேதம் பின்தொடர்கிறது. கிள்ளானின் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை போகும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த முறையின் பொருளைச் சொல்லித் தர வேண்டாமா?

பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலையில், யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த மரபில், பூசையின் நடுவே தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்திலிருந்தும் பாடுவதற்குப் பஞ்சபுராணம் ஓதுதல் என்று பெயர். இது பூசைக்குப் பிந்திய இணைப்பாக வருவதில்லை, பூசையின் உறுப்பு. குருக்கள் காத்திருப்பார், ஓதுபவர் ஓதி முடிப்பார், பிறகு பூசை தொடரும். ஆகமம் கெடாது, தமிழும் ஓரத்தில் நிற்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மற்றக் கோயில்களுக்கு ஒரு முன்மாதிரி தேவையென்றால், அதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

நம் கோயில்களில் பெரும்பாலானவை வேறொரு வழியில் வந்தவை. தோட்டத்தில், லயத்துக்கு அருகே, ஒரு மரத்தடியில் மாரியம்மனாகவும் முனியாண்டியாகவும் தொடங்கியவை. அங்கே பூசை செய்தவர் பண்டாரமோ, மரம் சீவிவிட்டு வந்து குளித்து நின்ற ஒரு தொழிலாளியோ. அவர் தமிழில்தான் அம்மனை அழைத்தார். உடுக்கை அடித்தார், தாலாட்டுப் பாடினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நிலம் வீடமைப்புத் திட்டங்களாகி, மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பூச்சோங்குக்கும் பெயர்ந்தபோது கோயிலும் பெயர்ந்தது. புது இடத்தில் கோபுரம் எழுந்தது, ஆகம முறை வந்தது, குருக்கள் வந்தார். மக்கள் தங்கள் தெய்வத்துக்கு நல்லதையே செய்ய நினைத்தார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தில் தாத்தா பாடிய பாட்டு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. பல கோயில்களில் அதை ஒலிப்பதிவு செய்யக்கூட ஆள் இல்லை. வடமொழி வந்தது இழப்பு என்று சொல்ல மாட்டேன். கூடவே இருந்த தமிழ் நழுவிப்போனதுதான் இழப்பு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாமே.

பொறுப்பேற்றால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்நாட்டில் சான்று இருக்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்க முடிவானபோது, வடமொழிக்கு முதலிடம் தரும் பரிந்துரை வந்தது. அதைக் கொடுத்தவர் க. அ. நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாற்றை எழுதித் தமிழருக்கே தங்கள் பெருமையைக் காட்டிய பேரறிஞர். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவரை வசைபாடுவதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆசிரியர்களும் தங்கள் வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956-இல் தொடங்கிய துறையில் தமிழ் தன் இடத்தைப் பெற்றது. 1961-இல் அங்கே வந்த தனிநாயகம் அடிகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவானவர், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டினார். அன்று வென்றது கோபம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரிவது கையிலிருந்து கொடுத்த பணமும் அதன் பிறகு பல ஆண்டு நடந்த வேலையும்.

அந்த வெற்றியிலிருந்து தவறான பாடமும் படித்தோம். தமிழ் வேண்டுமென்றால் வடமொழி கூடாது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. இந்நாட்டில் கல்வெட்டையும் ஆகமத்தையும் மூலத்தில் படித்து விளக்கக்கூடிய உள்ளூர்த் தமிழர் இன்று எத்தனை பேர்? மந்திரத்தின் பொருள் தெரியாத சமூகம் அதைக் கண்மூடி வணங்கலாம், அல்லது கண்மூடி வெறுக்கலாம். இரண்டுக்கும் அறிவு வேண்டியதில்லை என்பதால் இரண்டும் எளிதாக இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் பௌத்த மகா விகாரை இருக்கிறது. அங்கே ஓதுவது பாலி மொழி. வருபவர்கள் சிங்களவர், சீனர், பிறர். எவர் வீட்டிலும் பாலி பேச்சுமொழி கிடையாது. 1952 முதல் 2006-இல் மறையும் வரை அங்கே தலைமைப் பிக்குவாக இருந்த கே. ஸ்ரீ தம்மானந்தா, பாலியை அகற்றவில்லை. ஓதும் வரிகளைப் பொருளோடு அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு அங்கே 1929 முதல் நடக்கிறது. பக்கத்துத் தெருவில் லூத்தரன் தேவாலயத்தில் தமிழில் ஆராதனை கேட்கலாம். உலகக் கத்தோலிக்கரோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில், இலத்தீனிலிருந்து தத்தம் மொழிக்கு வந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள் அரபு ஒலியைத் தஜ்வீத் முறைப்படி சிறு வயதிலேயே பழகுகிறார்கள். வழிகள் வேறு வேறு. ஆனால் இந்தச் சமூகங்கள் எல்லாம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதைத் தங்கள் வேலையாக வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது மொழிச் சிக்கல் நீதிமன்றம் வரை போய், இரு மொழியிலும் நடத்தலாம் என்று முடிவாகி, 2020 பிப்ரவரி 5 அன்று அப்படியே நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தொடங்கிய அன்னைத் தமிழில் அர்ச்சனைத் திட்டத்தில், தமிழில் அர்ச்சனை செய்யும் அர்ச்சகர்களின் பெயர் எழுதிய பலகையைக் கோயிலில் வைத்தார்கள். விரும்பியவர் கேட்கலாம், விரும்பாதவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. நாம் நீதிமன்றம் வரை போக வேண்டாம், அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். இங்கே கோயில்கள் பெரும்பாலும் நம் சங்கங்கள், நம் உறுப்பினர்கள், நம் வாக்கு.

ஆகவே அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடத்திலேயே "தமிழிலா, வடமொழியிலா?" என்று கேட்கும் வழக்கத்தை ஒவ்வொரு கோயிலும் தொடங்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பூசையின் நடுவே திருமுறைக்கு நேரம் ஒதுக்கி, அதைப் பூசை நிரலில் எழுதிவைக்க வேண்டும். குடமுழுக்கில் யாகசாலையிலேயே ஓதுவார்களுக்கு இடம் கொடுத்து, ஒலிபெருக்கியும் கொடுத்து, குருக்களுக்குச் சமமான சம்பாவனை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றில்தான் நம் நேர்மை தெரியும். தமிழே உயிர் என்று மேடையில் பேசிவிட்டு ஓதுவாருக்கு ஒரு சால்வையோடு முடித்துக்கொள்ளும் கோயில்கள் இருக்கின்றன.

எழுத்து விஷயமும் கவனிக்க வேண்டியது. வடமொழி மந்திரத்தை வெறும் தமிழெழுத்தில் அச்சிட்டால் க ஒன்றே நான்கு ஒலிக்கு நிற்கிறது, படிப்பவர் எதையோ ஒலிக்கிறார். நம் முன்னோர் இதற்காகவே கிரந்த எழுத்தைப் படைத்தார்கள். இன்று எழுத்தின் மேல் எண் இட்டு அச்சிடும் முறையாவது வேண்டும். அதே சிதைவு தேவாரத்துக்கும் நேர்கிறது. தமிழ் படிக்காத நம் பிள்ளைகளுக்காக ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல்களில் ழவும் ளவும் ஒன்றாகின்றன, றவும் ரவும் ஒன்றாகின்றன. அந்தப் பிள்ளையைத் திருத்துவதற்கு முன், அவனைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாத அல்லது வீட்டில் எழுத்துச் சொல்லித் தராத பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயிலில் தமிழ் வேண்டும் என்று குரல் கொடுக்கும் வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்தால், அந்தக் குரலுக்குப் பின்னால் நிற்க அடுத்த தலைமுறை இருக்காது.

1965-இல் அமைந்த மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் ஆண்டுதோறும் பிள்ளைகள் மிக அழகாகப் பாடுகிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் தன் வட்டாரக் கோயிலில் பாட முடிகிறதா? அதற்கு ஒரு வழி செய்தாலே பத்து ஆண்டில் உள்ளூர் ஓதுவார்கள் உருவாகிவிடுவார்கள். வடமொழி கற்க விரும்பும் பிள்ளைக்கும் அதே ஊக்கம் வேண்டும். நம்மவர் பிள்ளைகளிலிருந்தே குருக்களும் ஓதுவாரும் வரத் தொடங்கினால், வேலை அனுமதிக்காக ஒவ்வொரு முறையும் அரசின் வாசலில் நிற்கும் நிலையும் மெல்லக் குறையும். அப்படி வரும் குருக்கள் பூசை முடிந்ததும், தாம் ஓதியது என்ன என்று ஐந்து நிமிடம் தமிழில் சொல்வதற்கு நிர்வாகம் நேரம் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கும் குருக்கள்மாரில் பலருக்கு அந்த ஆசை இருக்கிறது. கேட்பதற்கு நாம் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

பழைய தோட்டக் கோயில்களின் பாட்டுகளை இந்த ஆண்டிலேயே பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். கைப்பேசி போதும்.

கோயில் பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வருவதே குறைவு. வருபவர்களும் கணக்கறிக்கை முடிந்ததும் எழுந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வந்ததும், குறித்த நாளுக்குள் செயலாளருக்கு எழுத்தில் ஒரு தீர்மானம் அனுப்புங்கள்: அர்ச்சனையில் மொழித் தேர்வு, பூசை நிரலில் திருமுறை, ஓதுவாருக்குச் சம்பளம், பொருள் விளக்கம். கூட்டத்தில் குருக்களையும் அழைத்து உட்கார வையுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். வடமொழிப் பற்றுள்ளவரும் தமிழ்ப் பற்றுள்ளவரும் அதில் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தீர்மானத்தை எந்த நிர்வாகமும் ஒதுக்கிவைக்க முடியாது.